ஐந்தாவது பல்

இரண்டு கண்ணுக்கும் நடுவே இருநூற்றைந்து என்றான்
பிறையில் அப்சோபரை விற்ற ஹபீஸுல்.
வீட்டில் அளந்தால் இருநூற்றுப் பதினெட்டு.
அறுபது வெள்ளிக்குப்
பதின்மூன்று மில்லிமீட்டர் இனாம்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, மோட்டார் நிறுத்துமிடம்,
இரவு பத்தரை.
குளிர்பானப் பெட்டி இரண்டை அடுக்கி
எஞ்சினின் அடிவயிற்றைத் தாங்கக் கொடுத்தேன்.
பின்சக்கரம் தரையை விட்டது.
பழசு, எண்ணெய் கக்கி
புழுதியோடு சேர்ந்து களிம்பாகியிருந்தது.
அழுத்திவிட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும்,
எங்கே நிற்பது என்று அதற்கு மறந்துவிட்டது.

போன மாதம் மூன்று குழாய்.
ஆயர் ஈத்தாம் கிளினிக்கில் எடுத்த ரத்தம்
பர்மா ரோடு லேபுக்கு வருவதற்குள்
குலுங்கி, அணு உடைந்து,
மஞ்சளாய்த் தெளியவேண்டிய மேல்நீர்
ரோஸ் சிரப் மாதிரி.
'யோகாம்பிகை, நீ ரோட்டுல வர்றியா, படிக்கட்டுல வர்றியா?'
மேய் ஃபோங் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
அந்தக் கிழவருக்கு மறுபடி ஊசி போட்டார்களாம்,
முழங்கையில் நரம்பு அகப்படாமல்
புறங்கையில்.
அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

என் வண்டி நூற்று முப்பத்தைந்து.
இது நூற்றைம்பதிலிருந்து இறங்கியது,
எலும்பு வேறு.
மேல் போல்ட் பத்து, இதன் கண் பன்னிரண்டு.
கடைசல்காரன் ஆ செங்
எதற்கு என்று கேளாமல் ஒரு வளையம் கடைந்து தந்தான்,
எட்டு வெள்ளி.
கீழ்க்கவட்டையில் பக்கத்துக்கு ஒன்றரை மில்லி ஆட்டம்,
வாஷர், இன்னொரு வாஷர்,
மூன்றாவதைத் தேய்த்துத் தேய்த்து
விரல் நுனியில் ரேகை போனது.

மூன்றாம் மாடி இருட்டில் ஒரு சிகரெட் நுனி:
'வேற வண்டி சாமான் நிக்காது தங்கச்சி.'
நான் நிமிரவில்லை.
நுனி கொஞ்ச நேரம் எரிந்து
உள்ளே போய்விட்டது.

போல்ட்டை முறுக்கி முடித்தபின்தான் ஸ்பிரிங்கைப் பார்த்தேன்.
கழுத்து வளையத்தில் ஐந்து பல்.
நிற்பது ஐந்தாவதில்.
மற்ற நான்கிலும் துரு,
அங்கே யாரும் போனதே இல்லை.
சுருளின் இடுக்கில் கறுத்த ஏதோ சிக்கியிருந்தது.
நகத்தால் நெம்பினால்
முள்.

போன் போட்டேன்.
'அப்பா பாலிக் பூலாவ்லருந்து டுரியான் ஏத்துவாரு கக்கா,
ஒரு நடைக்கு எண்பது கிலோ.'
அப்பா இப்போது?
'லாரி வாங்கிட்டாரு.'
அவன் குரலில் அந்த லாரியே ஹாரன் அடித்தது.

நான் நாற்பத்தாறு கிலோ.
ஐஸ் கட்டியும் குழாயும் சேர்த்துப் பெட்டி ஆறு.
மலையேறிப் பழகியதன் முன்னால்
நான் ஒரு துண்டுச்சீட்டு.

அதற்கான கொக்கிச் சாவி என்னிடம் இல்லை.
ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினேன்.
நான்கு. டக்.
மூன்று.
இரண்டுக்கு வர மறுத்தது,
எண்ணெய் விட்டேன், திட்டினேன்,
தமிழில் ஒன்று, ஹொக்கியனில் ஒன்று.
டக்.
ஒன்றில் வைத்தால் பள்ளத்தில் அடிதட்டும் என்று தோன்றியது.
இரண்டிலேயே விட்டேன்.

நள்ளிரவில் ஒரு சுற்று.
பெட்டிக்குள் மூடியில்லாத டம்ளரில் தே ஓ.
சாலையை வெட்டி இரும்புத்தகடு போட்டிருக்கிறார்களே,
அதன் மேல் வேண்டுமென்றே.
ஏறியது.
இறங்கியது.
நின்றது.
டம்ளரில் பாதிக்கு மேல் மிச்சம்.
அங்கேயே நின்று குடித்தேன்,
சர்க்கரை போட மறந்திருக்கிறேன்.

காலையில் மேய் ஃபோங்
குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.
வைக்கோல் நிறம்.
ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுத்தாள்,
அதற்கடுத்ததை.
கையெழுத்துப் போட்டாள்.

இனாமாக வந்த பதின்மூன்று
பின்சக்கரத்தில் போய் முப்பத்தைந்து ஆகிவிட்டது.
ஸ்டாண்டு போட்டால் வண்டி குடிகாரனாய்ச் சாய்கிறது,
கூடவே ஓர் ஓட்டுத்துண்டு கொண்டுபோகிறேன்.
சிக்னலில் கால் முழுசாய் எட்டுவதில்லை.
பக்கத்து லாரிக்காரன் பார்க்கப் பார்க்க
பெருவிரல் நுனியில் நிற்கிறேன்,
எண்பது கிலோ டுரியானின் உயரத்தில்.